சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறுமா?

கேள்வி: 9 ஜூலை 2023

ராசிபுரத்திலிருந்து எழுதுகிறேன். பத்து மாதப் பெண் குழந்தை, எடை எட்டு கிலோ. ஹீமோகுளோபின் 9.1 என்று வந்திருக்கிறது, 11 இருக்க வேண்டுமாம். டாக்டர் இரும்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மாமியார் வேண்டாம் என்கிறார். மருந்து சூடு, பல் கறுக்கும், பிள்ளையும் கறுத்துவிடும் என்கிறார். ஒரு மாதமாகப் பீட்ரூட் சாறு, மாதுளைச் சாறு, பேரீச்சைப் பாகு கொடுக்கிறோம். உணவாலேயே சரிசெய்த அனுபவம் யாருக்காவது உண்டா?

9 ஜூலை 2023, இரவு

உண்டு, சரியாகாமல் போன அனுபவம். என் மகளுக்கும் இதே மூன்றைத்தான் கொடுத்தோம். மூன்றும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு, ஆகவே ஊறும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்குப்படி நெற்றியில் வைக்கும் குங்குமத்துக்கும் ரத்தம் ஊற வேண்டும்.

நான் மருத்துவன் அல்லன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கணக்கு மட்டும் தெரியும், அதைச் சொல்கிறேன். குறைபாடு வந்துவிட்ட குழந்தைக்குச் சிகிச்சை அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் இரும்பு. சிலருக்கு 6 வரை போவார்கள், அது டாக்டர் முடிவு. உங்கள் குழந்தைக்கு எட்டு மூன்று இருபத்துநான்கு. மாதுளை முத்தில் 100 கிராமுக்கு 0.3 மில்லிகிராம், அதாவது ஒரு கிலோவுக்கு 3. ஆக எட்டு கிலோப் பிள்ளை தினமும் எட்டு கிலோ மாதுளை முத்து தின்ன வேண்டும். குருவாயூர்த் துலாபாரம் போல ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் மாதுளை. பிள்ளை எடை கூடக் கூட மாதுளையும் கூடும்.

பீட்ரூட் கொஞ்சம் தேவலை, 100 கிராமில் ஏறத்தாழ முக்கால் மில்லிகிராம். பேரீச்சைப் பாகு பெரும்பகுதி சர்க்கரை. இதில் இன்னொரு வெட்டும் உண்டு. காய், கனி, தானியத்தில் இருக்கும் இரும்பில் சிறு பங்குதான் குடலில் ஏறும்.

என் மகளுக்கு மே மாதம் ஹீமோகுளோபின் 7.6. பதினேழு மாதம், ஒன்பது கிலோ. டாக்டர் எழுதியது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இரும்பு உள்ள சொட்டு மருந்து, நாளுக்கு ஒருமுறை 2.5 மில்லி. ஒரு மாதத்தில் 9.2 வந்துவிட்டது. சாறுகளெல்லாம் சேர்ந்து மூன்று மாதத்தில் செய்யாததை அந்தச் சின்னக் குப்பி செய்தது. கொடுத்துவிடுங்கள்.

10 ஜூலை 2023

பல் கறுப்பது பற்றி: உண்மை, ஆனால் மேல் கறைதான். மருந்தை நாக்கின் மேல் விடாமல் கன்னத்தின் உட்புறம், கொஞ்சம் பின்னால் தள்ளி விடுங்கள். பிறகு இரண்டு வாய் தண்ணீர், ஈரத்துணியால் ஒரு துடைப்பு. எங்கள் மகளுக்கு முன்பல்லில் கரிக்கோடு போல வந்தது, துலக்கத் துலக்கப் போய்விட்டது.

மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போகும். முதல் நாள் பார்த்து என் மனைவி அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். அது ஏறாமல் மிஞ்சிய இரும்பு, பயம் வேண்டாம்.

பிள்ளை கறுத்துவிடும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் கறுப்பு, என் மனைவியும் கறுப்பு. மருந்து மேல் பழி போட எங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

12 ஜூலை 2023

என் மகளின் ரத்தசோகையைப் "பாலால் வந்த வினை" என்று நான் வேறொரு இடத்தில் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறீர்களா என்று சண்டைக்கு வந்திருக்கிறார். இல்லை, இல்லை, இல்லை. நான் சொன்னது மாட்டுப்பால்.

தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதான், லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் அதில் பாதி அளவுக்கு ஏறிவிடும். தவிர, குழந்தை கருவில் கடைசி மூன்று மாதத்தில் சேர்த்துக்கொண்டு வரும் கையிருப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். அந்த இருப்பு தீரும் நேரத்தில் இணை உணவு ஆரம்பிக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் எடை குறைந்து பிறந்தவர்களுக்கும் இருப்பே குறைவு. அவர்களுக்கு இரண்டு மாதத்திலேயே சொட்டு மருந்து ஆரம்பிக்கச் சொல்லக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

15 ஜூலை 2023

மாட்டுப்பால் கதையைச் சொல்லிவிடுகிறேன், நேற்றிலிருந்து மூன்று பேர் கேட்டாயிற்று.

எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு. சங்கத்தில் ஊரார் கொண்டு வரும் பாலில் கொழுப்பு எத்தனை, கொழுப்பு தவிர்த்த திடப்பொருள் (எஸ்.என்.எஃப்.) எத்தனை என்று பத்தில் ஒரு புள்ளி வரை பார்த்து எழுதுபவன் நான். என் மகள் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று ஒருநாளும் அளந்ததில்லை. டாக்டர் கேட்டபோது "நன்றாகக் குடிப்பாள்" என்றேன், பெருமையாக. எத்தனை மில்லி என்றார். விழித்தேன். வீட்டுக்கு வந்து மறுநாள் முழுக்க அளந்தேன். விடிந்ததும் ஒரு புட்டி, பத்து மணிக்கு ஒன்று, மதியம் தூங்க ஒன்று, மாலை ஒன்று, இரவு ஒன்று, நடுச்சாமம் அழுதால் அரை. மொத்தம் 950 மில்லி.

லிட்டர் மாட்டுப்பாலில் இரும்பு அரை மில்லிகிராம் அளவுதான். அதில் பத்தில் ஒரு பங்கு ஏறினால் பெரிது. அந்த 950 மில்லி அறுநூறு கலோரியை ஒட்டி வரும், பிள்ளையின் ஒருநாள் பசியில் பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு பருப்பு எங்கே இறங்கும், முட்டை எங்கே இறங்கும்? பாலின் சுண்ணாம்புச்சத்து மற்ற உணவில் உள்ள இரும்பையும் மறிக்கும். ஒரு வயதுக்குள் கொடுத்தால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் செய்யும். நாங்கள் ஒன்பதாம் மாதமே ஆரம்பித்துவிட்டோம். வீட்டில் மாடு இருக்கிறதே!

அவள் கொழுகொழு என்று வேறு இருந்தாள். யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். இப்போது யோசித்தால் இரும்புக் குறைவின் அறிகுறி எல்லாமே கண் முன்னால் நடந்திருக்கிறது. மாட்டுத் தொழுவத்து மண்ணை அள்ளித் தின்றாள். சுண்ணாம்பு அடித்த சுவரை நக்கினாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பச்சரிசி மென்றாள். என் அம்மா, அவளுக்கு அப்பத்தா, "கண்ணன் மண் தின்ற மாதிரி" என்று கொஞ்சினாள். அழுதால் மூச்சுக் கட்டிக்கொண்டு உதடு நீலம் பாயும். இருமுறை மந்திரித்தோம். மூச்சுக் கட்டி அழுவதற்கும் இரும்புக் குறைவுக்கும் தொடர்பு உண்டென்று டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

மருந்து தொடங்கிய மூன்றாவது வாரம் சுவர் நக்குவது நின்றது. ஹீமோகுளோபின் பார்க்கும் முன்பே எனக்கு அது தெரிந்துவிட்டது.

15 ஜூலை 2023, சற்றுப் பிறகு

மண் தின்பது என்றதும் நினைவுக்கு வந்தது. என் சித்தப்பா மகள் ஒன்றாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பெட்டி பல்பம் தின்பாள். சிலேட்டில் எழுதியதை யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் அவளை அடித்தார்கள். ஒருவர்கூடக் கீழிமையை இழுத்து, உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பார்க்கவில்லை.

16 ஜூலை 2023

பீட்ரூட் கொடுத்தால் மலம் சிவக்கிறது, ரத்தம் போகிறதா என்று ஒருவர். பீட்ரூட்தான் போகிறது. வந்த வழியே.

23 ஜூலை 2023

கேழ்வரகுக் கட்சியும் சத்துமாவுக் கட்சியும் மோதிக்கொண்டு இருக்கின்றன. என் பங்குக்கு நானே தவறு செய்திருக்கிறேன். கேழ்வரகுக் கூழ் கொடுத்தால் இரும்புக்குக் கவலை இல்லை என்று முதல் வாரத்தில் ஒருவருக்கு எழுதினேன். திருத்திக்கொள்கிறேன். கேழ்வரகின் பெருமை சுண்ணாம்புச்சத்து, 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி. இரும்பு நான்கு, நான்கரை. அதையும் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்தால் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிமார் முளைகட்டிய கேழ்வரகில் பால் பிழிந்து காய்ச்சியது வெறும் ருசிக்கு மட்டுமா என்று தெரியாது, ஆனால் செய்தது சரி.

கூழோடு அரை நெல்லிக்காய்ச் சாறோ, பருப்புச் சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சையோ, பிறகு ஒரு துண்டு கொய்யாவோ சேர்த்தால் ஏறுவது கூடும். அதையே டீயோடு கொடுத்தால் குறையும். நம் பக்கம் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு டீயில் தோய்த்து ரஸ்க் கொடுக்காத வீடு எது? அதில் டீயும் தப்பு, ரஸ்க்கும் தப்பு, கடைசியில் மிச்ச டீயை உறிஞ்ச விடுவது பெருந்தப்பு.

ரேஷன் அரிசி: செறிவூட்டிய அரிசி வருகிறதே, அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் அப்பத்தா முறத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். அந்த மணிதான் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் வார்த்த மணி. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்கும்படி. ஐம்பது கிராம் அரிசிச் சோறு தின்னும் பிள்ளைக்கு ஒன்றரை இரண்டு மில்லிகிராம். மருந்துக்கு ஈடாகாது. ஆனால் பொறுக்கி எறியவும் வேண்டாம்.

6 ஆகஸ்ட் 2023

இந்த இழையில் மார்தட்டிக்கொண்டிருந்தவனுக்கு நேற்று அடி விழுந்தது. மகளுக்கு மறுபரிசோதனை: 9.5. ஜூனில் 9.2. இரண்டு மாதத்தில் 0.3. முதல் மாதம் ஒன்றரைக்கு மேல் ஏறியது, பிறகு நின்றுவிட்டது.

பாலை 400 மில்லிக்கு இறக்கிவிட்டோம், புட்டியை ஒழித்து டம்ளரில்தான். குடற்புழு மாத்திரை ஆயிற்று. இரண்டு வயதுக்குள் என்பதால் அல்பெண்டசோல் பாதி, 200 மில்லிகிராம், பொடித்து. மருந்து ஒருநாள் தவறவில்லை. பிறகு ஏன்? டாக்டர் வேறு பரிசோதனைகள் பற்றிப் பேச ஆரம்பித்தார். போகும்போது, "நாளை அந்த மருந்துக் குப்பியையும் கொண்டு வாருங்கள்" என்றார்.

இரவு தூக்கமில்லை.

7 ஆகஸ்ட் 2023

குப்பிதான். நான்தான்.

நடந்தது இது. சொட்டு மருந்துக் குப்பி 30 மில்லி, பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஜூன் மாதம் கடையில் அதே மருந்தின் பெரிய குப்பியைப் பார்த்தேன். அளவு பல மடங்கு, விலை ஏறக்குறைய அதே. சிக்கனக்காரனுக்குக் கை நமநமத்தது, வாங்கிவிட்டேன். அது சொட்டு மருந்து அன்று, சிரப். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 30, அதாவது ஒரு மில்லிக்கு 6. நான் பழைய அளவிலேயே 2.5 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். 25 கிடைக்க வேண்டிய இடத்தில் 15. பாலில் தண்ணீர் கலந்தவனைச் சங்கத்தில் பிடித்துக் கொடுப்பவன், மகளின் மருந்தில் ஏழு வாரம் தண்ணீர் கலந்திருக்கிறேன்.

ராசிபுரத்து அம்மா, ஜூலையில் உங்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்தபோதே என் வீட்டுக் கணக்கு தப்பாகத்தான் இருந்தது.

ஆகவே மில்லியை மனப்பாடம் செய்யாதீர்கள், மில்லிகிராமைச் செய்யுங்கள். என் அலமாரியில் இப்போது மூன்று குப்பி இருக்கிறது. மூன்றும் இரும்பு, மூன்றும் மூன்று விதம். சொட்டு மருந்து மில்லிக்கு 10, சிரப் மில்லிக்கு 6, அரசு கொடுக்கும் குப்பி மில்லிக்கு 20. (மூன்றாவது எப்படி அலமாரிக்கு வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், அது வேறு வெட்கம்.) அத்தோடு லேபிளில் உப்பின் எடை ஒன்று, அதிலுள்ள இரும்பின் எடை ஒன்று என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். கண்ணில் படும் பெரிய எண் பெரும்பாலும் உப்பினுடையது. சல்பேட் உப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு, ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு. கேட்க வேண்டிய எண் இரும்பினுடையது.

டாக்டர் திட்டவில்லை, சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

19 ஆகஸ்ட் 2023

தர்மபுரி நண்பர் எழுதியிருப்பது முக்கியம், கீழே போய்விடாமல் இங்கே இழுத்து வைக்கிறேன். அவர் மகனுக்கு மூன்று மாதம் சரியான அளவில் மருந்து கொடுத்தும் 9.8ஐத் தாண்டவில்லை. அறிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 60, சிவப்பணு எண்ணிக்கை 5.4. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 11.1. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் இரும்புக் குறைவைவிட, பெற்றோரிடமிருந்து வரும் தலசீமியா மரபுக்கூறுதான் முதல் சந்தேகம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில் அதுதான் என்று உறுதியாகிவிட்டது. தாய்க்கும் அதே. பிள்ளைக்கு ஒன்றும் ஆபத்தில்லை, ஆனால் இரும்பை ஊற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

என் மகளுக்குப் போட்டுப் பார்த்தேன். மே மாத அறிக்கையில் 58ஐ 4.1ஆல் வகுக்க 14.1. அவளுடையது வெறும் இரும்புக் குறைவு, உடன் அப்பன் குறைவு.

இந்த வகுத்தல் ஒரு ஜோசியம்தான், தீர்ப்பு அன்று. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்கள் பரம்பரையாக வரும் அரிவாளணு நோயையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

3 செப்டம்பர் 2023

அம்முச்சி ஜெயித்தாள். என் மாமியாரைச் சொல்கிறேன். முதல் நாளிலிருந்தே அவர் ஒரே பாட்டு: "சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுங்கள், மாப்பிள்ளை." நான் அதையும் மாதுளையோடு சேர்த்து மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதியிருந்தேன். சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல், தெரியாதவர்களுக்காக. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் வெளுத்த பிள்ளைக்கும் அதுதான்.

எண்ணைத் தேடிப் பார்த்தேன். செம்மறி மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. மாதுளை 0.3. நூறு மடங்குக்கு மேல். அதுவும் இறைச்சியில் உள்ள இரும்பு, டீயும் ஃபைட்டேட்டும் அதை அவ்வளவாகத் தடுக்க முடியாது. கோழி ஈரலில் ஒன்பது பத்து. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ரத்தப் பொரியலும் இந்த வகையில்தான் சேரும்.

ஆக, "பாட்டி வைத்தியம் எல்லாம் பொய்" என்ற என் ஜூலை மாதத் தொனியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சிவப்பைப் பார்த்துச் சொன்ன பாட்டி தவறு, மென்று பார்த்துச் சொன்ன பாட்டி சரி. கறிக்கடையில் ஞாயிறு காலை ஆறு மணிக்கே சொல்லி வைக்க வேண்டும், ஓர் ஆட்டுக்கு ஒன்றுதானே. தணலில் நன்றாகச் சுட்டு, தோல் நீக்கி, மசித்து, மிளகு ரசச் சாதத்தில் பிசைந்தால் மகள் சாப்பிடுகிறாள். மருந்தோடு சேர்த்துத்தான், மருந்துக்குப் பதில் அன்று.

சைவ வீடுகளிலிருந்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். பருப்பு, கொள்ளு, கொண்டைக்கடலை, கீரை, எலுமிச்சை, இரும்புக் கடாய். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் புளிப்பு கொஞ்சம் இரும்பைக் கரைத்துக் கொண்டுவரும். நான்ஸ்டிக்கில் வைத்தால் என்ன வரும் என்று கேட்காதீர்கள். ஆனால் குறைபாடு வந்துவிட்டால் சைவத்துக்கும் அசைவத்துக்கும் குப்பி ஒன்றுதான்.

4 செப்டம்பர் 2023

"ஆங்கில மருந்து வேண்டாம், நாட்டு மருந்து சொல்லுங்கள்" என்பவருக்கு: நாட்டு மருந்துக் கடையில் பச்சையாகக் கட்டிக்கட்டியாக அன்னபேதி என்று விற்கும். சித்த மருத்துவர்கள் அதைப் புடமிட்டுச் சோகைக்குத் தரும் அன்னபேதிச் செந்தூரம் செய்கிறார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். டாக்டர் எழுதும் குப்பியின் பழைய உருவமும் அதுவே. இரண்டு மருத்துவமும் ஒரே கிணற்றில்தான் வாளி போட்டிருக்கின்றன. அதற்காகச் செந்தூரத்தைத் தேனில் குழைத்து நீங்களே நாக்கில் தடவாதீர்கள். அளவு தெரியாத இரும்பு அது, ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

மலிவான சல்பேட்டை இளக்காரமாகப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவில் 80 சிறு குழந்தைகளுக்கு, 9 மாதம் முதல் 4 வயது வரை, கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒரே வேளை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. சல்பேட் வாங்கியவர்கள் பன்னிரண்டு வாரத்தில் சராசரி 7.9இலிருந்து 11.9. ருசியான பாலிசாக்கரைடு வகை இரும்பு மருந்து வாங்கியவர்கள் 7.7இலிருந்து 11.1. ருசி தோற்றது.

17 செப்டம்பர் 2023

பரிசோதனை 10.7. ஆறு வாரத்தில் 1.2. சரியான மில்லிகிராம்!

18 செப்டம்பர் 2023

மூன்றாவது குப்பி கதை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மகளுக்கு ஆறு மாதம் முடிந்தபோது கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து ஒரு குப்பி கொடுத்துவிட்டுப் போனார். 50 மில்லி, மூடியிலேயே ஒரு மில்லி அளந்து சொட்டும் அமைப்பு. ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு, 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வாரம் இரண்டு முறை ஒரு மில்லி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நாடு முழுக்க எல்லாக் குழந்தைக்கும். நோய் வந்தவர்களுக்கான சிகிச்சை அன்று இது, வராமல் இருக்க. காசு கிடையாது. அந்த அம்மா இரண்டு முறை விளக்கிச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். அவர் படி இறங்கியதும் என் அம்மா, "இலவசமாகக் கொடுப்பது என்ன மருந்தோ" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. குப்பி சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று. மே மாதம் 7.6 என்று வந்த அன்று சாயங்காலம் விளக்கேற்றப் போன என் மனைவி அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முத்திரைகூடக் கிழியவில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 50.7 சதவீதம், 2019-21இல் 57.4. அரசு என்ன செய்கிறது என்று நானும் கொதித்திருப்பேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அரசு வாசல் வரை வந்தது.

(சதவீதம் பற்றி ஒரு பின்குறிப்பு. அந்தக் கணக்கெடுப்பு விரல் நுனி ரத்தம், அதில் பிழை கூடுதல் என்று ஒரு வாதம் உண்டு. 2016-18இல் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து நடத்திய தேசிய ஆய்வில், நாடு முழுதும் ஒன்று முதல் நான்கு வயதுக்காரர்களில் 41 சதவீதம்தான். "தான்" என்று எழுதிவிட்டுப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பிள்ளை.)

8 அக்டோபர் 2023

ஒருவர் எழுதியதைப் பார்த்துக் கை நடுங்கிவிட்டது: "இரும்புதானே, கொஞ்சம் கூடினால் என்ன?"

கூடினால் உயிர் போகும். கிலோவுக்கு 20 மில்லிகிராமிலேயே நச்சு அறிகுறி ஆரம்பிக்கலாம், 60ஐத் தாண்டினால் மிகக் கடுமை. ஒன்பது கிலோப் பிள்ளைக்கு அந்தத் தொடக்கம் 180 மில்லிகிராம். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் ஒன்றுக்கு 60 என்றால் மூன்றே மாத்திரை. பார்க்க மிட்டாய் மாதிரி வேறு இருக்கும். முதலில் வாந்தி, ரத்தக் கழிச்சல். பிறகு சில மணி நேரம் பிள்ளை தேறிவிட்டது போலத் தோன்றும், அது ஏமாற்று. அதற்குப் பின்தான் ஈரல் வரை போவது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள், வீட்டில் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

எங்கள் குப்பிகள் இப்போது பீரோவில், சாவி போட்டு. சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததில் ஒரே நல்லது, மகளுக்கு எட்டவில்லை.

26 நவம்பர் 2023

11.8. இனிப்பு வாங்கவில்லை, கொய்யா வாங்கினோம்.

இனி நிறுத்திவிடலாமா என்றால், இல்லை. ரத்தம் நிறைந்திருக்கிறது, உடலின் இரும்புக் கிடங்கு காலி. இன்னும் இரண்டு மூன்று மாதம் கொடுத்துக் கிடங்கை நிரப்ப வேண்டுமாம். ஃபெரிட்டின் என்று ஒரு பரிசோதனை கிடங்கு நிலவரத்தைச் சொல்லும், எங்களுக்கு மே மாதம் 4 இருந்தது. ஐந்து வயதுக்குள் 12க்குக் கீழே என்றால் காலி என்று பொருள். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது எடுக்காதீர்கள்.

ராசிபுரத்து அம்மாவின் குழந்தை 11.2 என்று எழுதியிருக்கிறார். மாமியார் இப்போது என்ன சொல்கிறார் என்று அவர் எழுதவில்லை.

27 நவம்பர் 2023

இரவில் படித்திருக்கக் கூடாததைப் படித்தேன். கோஸ்டா ரிக்காவில் கைக்குழந்தையாக இருக்கும்போது கடும் இரும்புக் குறைவு கண்டவர்களைப் பத்தொன்பது வயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ரத்தம் சரியான பிறகும் அறிவுத் தேர்வுகளில் பின்தங்கியே இருந்திருக்கிறார்கள். மூளை வளரும் நேரத்தில் போனது முழுதும் திரும்பவில்லை போலும். காலையில் மகள் செருப்பை வலம் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டதைப் பார்த்துக்கூட வயிற்றைக் கலக்கியது.

28 நவம்பர் 2023

நேற்று எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் இதையும் படியுங்கள். அந்த ஆய்விலேயே வறிய வீடுகளில்தான் இடைவெளி வயதோடு பெருகியது, ஓரளவு வசதியான வீடுகளில் பெருகவில்லை. இரும்பு மட்டும் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லவும் முடியாது. நாம் செய்யக்கூடியது பிள்ளையோடு பேசுவது, விளையாடுவது. அதற்குக் குப்பி கிடையாது. மற்றபடி இரண்டு வயதுப் பிள்ளைகள் எல்லாருமே செருப்பை மாற்றித்தான் போடுவார்கள், நான்தான் கவனித்ததில்லை.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்து. பிப்ரவரியோடு மருந்து நின்றது.

ஒரு திருத்தம். இழையில் பலரும் 11 என்ற கோட்டை வைத்துப் பேசினோம். உலக சுகாதார நிறுவனம் இந்த ஆண்டு கோட்டை மாற்றியிருக்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயது முடியும் வரை 10.5, இரண்டு முதல் ஐந்து வரை பழைய 11. ஒன்றரை வயதுக்கு 10.7 என்று பதறிய கரூர் நண்பர் கொஞ்சம் மூச்சு விடலாம். ஹீமோகுளோபின் கோட்டுக்கு மேல் இருந்தாலும் கிடங்கு காலியாக இருக்கலாம் என்பதால் முழுமூச்சு வேண்டாம்.

6 ஆகஸ்ட் 2025, புதன்

இந்த இழை செத்துவிட்டது என்று நினைத்தேன், யாரோ மாதுளை பற்றிக் கேட்டு எழுப்பிவிட்டார்கள். மேலே துலாபாரத்தைப் படியுங்கள்.

எங்கள் நிலவரம். மகளுக்கு மூன்றரை வயது தாண்டிவிட்டது, 12.1. டம்ளரில் பால், நாளுக்கு இரண்டு. ஜனவரியில் மகன் பிறந்தான். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கும்படி மனைவி முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். அந்தக் கடைசி நிமிட ரத்தம் குழந்தையின் கிடங்குக்குப் போகும். போன மாதம் ஆறு மாதம் முடிந்தது, அதே செவிலியர் அதே குப்பியோடு வந்தார். என் அம்மா கையை நீட்டி வாங்கி, முத்திரையை அவளே கிழித்தாள். மாட்டுப்பாலை இவன் கண்ணிலேயே காட்டவில்லை, மாடுகளுக்குத்தான் வருத்தம்.

அந்த மூடி அளவை முழுக்க நம்பிவிட வேண்டாம். ஊசிக்குழாயில் பிடித்துப் பார்த்தேன், ஒருமுறை 0.8, ஒருமுறை 1.1. தொழில் புத்தி.

காலண்டரில் செவ்வாய், வெள்ளி வட்டம் போட்டிருக்கிறது. நேற்று ராத்திரி அம்மா, "கொடுத்தாயா?" என்றாள். கொடுத்தேன் என்றேன். பொய். இன்று காலை அவள் எழுவதற்குள் கொடுத்துவிட்டேன்.